அடக்கி வாசித்ததாகச் சொல்லாதீர்கள்

தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியை முடிக்க நடந்த ரகசியப் பேச்சுவார்த்தையைக் காட்டும் ‘எண்ட்கேம்’ படத்தில் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸின் தாபோ எம்பெக்கியாக வந்தவரைப் பற்றி 2009 முதல் ஒரே பேச்சுதான்: அடக்கி வாசித்தார். கேட்கப் பாராட்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் எதிர்த்தரப்புப் பேராசிரியர் வேடம் போட்டவர்தான் படத்தைத் தூக்கி நிறுத்தினார், இவர் சும்மா ஈடுகொடுத்தார் என்கிற கணக்கு அதற்குள் ஒளிந்திருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. நான் எம்பெக்கி கட்சி.

பேச்சு நடக்கும் இடம், இங்கிலாந்தின் சாமர்செட்டில் மெல்ஸ் பார்க் மாளிகை. செலவு ஒரு சுரங்க நிறுவனத்துடையது. ஒரு பக்கம் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ்காரர்கள், மறுபக்கம் ஆப்பிரிக்கானர் அறிவுஜீவிகள். எம்பெக்கிக்கு எதிரே இருக்கும் பேராசிரியர் எஸ்டர்ஹைசே, தென்னாப்பிரிக்க உளவுத்துறைத் தலைவர் நீல் பர்னார்டிடம் எல்லாவற்றையும் ஒப்பிப்பவர். அதை அவரே எம்பெக்கியிடம் சொல்லியும்விட்டார். ஆகவே அந்த அறையில் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் பிரிட்டோரியாவில் ஒரு காது உண்டு. இது தெரிந்த மனிதன் எப்படிப் பேசுவான்?

அந்த நடிகர் எடுத்த முடிவு இதுதான். கேள்வி முடிந்ததும் பதிலுக்குப் பாய்வதில்லை. கேமரா முகத்தருகே வந்து நிற்கும்போதும் புருவத்தை வேலை வாங்குவதில்லை. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைத் தொடாமல் விடும் தொடக்க ஆட்டக்காரர்தான் அவர். பந்தை ஆடத் தெரியாமல் விடவில்லை, பந்துவீச்சாளரைத் தன் காலுக்கு வரவழைக்க விடுகிறார். பேராசிரியரும் வந்தார். தன் மனசாட்சியை அவராகவே மேஜைமேல் எடுத்து வைத்தார். அந்தக் காட்சிகளுக்குக் கைதட்டல் பேராசிரியருக்கு! இத்தனைக்கும் எம்பெக்கியின் அப்பா கோவன் அப்போது ராபன் தீவுச் சிறையில் இருபது வருஷத்துக்கு மேல் கழித்தவர். கத்துவதற்குக் காரணமா இல்லை?

நிறவெறி ஆட்சியின் கடைசி அத்தியாயமான கெம்ப்டன் பார்க் பேச்சுவார்த்தையை அடுத்து யாராவது பெரிய படமாக எடுப்பார்கள். 1993 ஜூனில் வெள்ளை வலதுசாரிகள் கவச வண்டியால் கண்ணாடியை நொறுக்கி மண்டபத்துக்குள் புகுந்தார்களே, டிரெய்லர் அதில்தான் தொடங்கும். காங்கிரஸ் தரப்பில் பேசிய ராமபோசாவின் வேடத்துக்கு மேஜையைத் தட்டும் வசனம் நாலாவது இருக்கும். சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில் பேரம் பேசியே வளர்ந்தவருக்கு அது எதற்கு என்று யாரும் கேட்கப்போவதில்லை. விருதுப் பட்டியலும் அந்தச் சத்தத்தின் பின்னால்தான் போகும்.

அரசுத் தரப்பின் ரோல்ஃப் மேயராக மட்டும் வாயை மூடத் தெரிந்த ஒருவரைப் போட்டுவிட்டால் படம் அவர் பக்கம் சாய்ந்துவிடும். இப்போதே என் பந்தயம் அவர்மேல்.