சாமி சாய்ந்து கொடுத்த கோப்பை

எங்கள் ஊர்ப் பெயரிலேயே எறும்பு இருக்கிறது. தாரகாசுரனுக்குப் பயந்த தேவர்கள் எறும்பு உருவத்தில் வந்து சிவனைக் கும்பிடப் பார்த்தார்களாம். லிங்கம் வழவழவென்று இருந்ததால் ஏற முடியவில்லை. சிவன் பார்த்தார். தானே புற்றாக மாறி, கொஞ்சம் சாய்ந்தும் கொடுத்தார். எறும்புகள் ஏறிவிட்டன. திருவெறும்பூர் மலைக்கோயிலில் இன்றைக்கும் லிங்கம் சாய்ந்துதான் இருக்கிறது.

பதினேழு வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பைக் கால்பந்தைப் பற்றி யாராவது பெருமை பேசினால் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

2017 அக்டோபரில் அந்தப் போட்டியை இந்தியா நடத்தியது. நடத்துகிற நாடு தகுதிச் சுற்று ஆட வேண்டியதில்லை. நேராக உள்ளே போய் உட்காரலாம். ஃபிஃபா சாய்ந்து கொடுத்தது. நாம் ஏறினோம்.

அக்டோபர் 9, திங்கட்கிழமை. ராத்திரி எட்டு மணிக்கு டெல்லியில் இந்தியாவுக்கும் கொலம்பியாவுக்கும் ஆட்டம். திருவெறும்பூர் பஸ் ஸ்டாப் பக்கத்து டீக்கடையில் சேனலை மாற்றச் சொன்னேன்.

"கிரிக்கெட் நாளைக்குத்தானே சார்?" என்றார் மாஸ்டர்.

"இது ஃபுட்பால் மாஸ்டர். இந்தியா ஆடுது. வேர்ல்டு கப்."

"இந்தியாவா?" என்று கேட்டுவிட்டு, பரிதாபப்பட்டு மாற்றினார்.

பெஞ்சில் ஒரு பெரியவர் இருந்தார். பாய்லர் பிளான்ட்டில் ஃபிட்டராக இருந்து ரிட்டயரானவர். வயசுக் காலத்தில் பொன்மலை ரயில்வே ஆட்களோடு மோதி முட்டியைப் பெயர்த்துக்கொண்டவர். அவர் மட்டும் டீயைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

82-வது நிமிஷம். கொலம்பியா 1-0 என்று முன்னால் இருக்கிறது. சஞ்சீவ் ஸ்டாலின் கார்னரிலிருந்து பந்தைத் தூக்கிப் போட, ஜீக்சன் சிங் எம்பி முட்டினார். கோல்! ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா போட்ட முதல் கோல். மாஸ்டர் டீ ஆற்றுவதையே நிறுத்திவிட்டார். ஸ்டாலின் என்ற பெயர் காதில் விழுந்ததும், "நம்மாளா சார்?" என்றார். பெங்களூர்ப் பையன் என்று சொன்னேன்.

சொல்லி முடிப்பதற்குள் அடுத்த நிமிஷமே கொலம்பியா இன்னொன்று போட்டுவிட்டது. 2-1.

பெரியவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "கோல் போட்டதும் ரெண்டு நிமிஷம் அடக்கி ஆடணும் தம்பி. அது கோச்சு சொல்லிக் குடுத்து வராது. நெறய மேட்ச் தோத்தாத்தான் வரும்."

அந்தப் போட்டியைப் பற்றி வந்த அத்தனை கட்டுரைகளையும் விட உருப்படியான விமர்சனம் இது என்பது என் அபிப்பிராயம்.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதிப் பார்க்கிற புத்தி. எழுதிப் பார்த்தேன். வரவு: 52 ஆட்டங்களுக்கு 13 லட்சத்து 47 ஆயிரத்துச் சொச்சம் பார்வையாளர்கள். அந்த வயதுப் பிரிவில் அதுவரை எந்த நாட்டிலும் வராத கூட்டம். கொல்கத்தா இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து 0-2 என்று பின்தங்கி, பிறகு ஸ்பெயினை 5-2 என்று அடித்து நொறுக்கியது. அதை நேரில் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். செலவுப் பக்கம்: அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4. போட்டது ஒன்று, வாங்கியது ஒன்பது.

இதற்காகப் பையன்களைத் திட்டுகிறவன் முட்டாள். அவர்கள் உயிரைக் கொடுத்துத்தான் ஆடினார்கள். நான் கேட்பது கடைக்காரர்களை. திறப்பு விழாவுக்கு வாழைமரம் கட்டியாச்சு, நாதஸ்வரமும் வச்சாச்சு. உள்ளே சரக்கு எங்கே?

அந்தப் பையன்களை ஊர் ஊராகப் பயிற்சிக்கு அழைத்துப் போனார்கள். 2017 மே மாதம் இத்தாலி அணியை 2-0 என்று ஜெயித்துவிட்டதாகப் பெரிய கொண்டாட்டம். விசாரித்தால் அது இத்தாலியின் தேசிய அணியே இல்லை! கீழ்மட்ட லீக் பையன்களைச் சேர்த்து அமைத்த ஓர் அணி. ஜெயித்தது தப்பில்லை. போர்டைப் பார்க்காமல் பட்டாசு வெடித்ததுதான் தப்பு.

மாஸ்டர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்த 21 பேரில் நம்மாள் எத்தனை பேர்? பூஜ்யம். ஏழு கோடிப் பேர் உள்ள தமிழ்நாட்டிலிருந்து ஒருவர்கூட இல்லை. மணிப்பூரிலிருந்து எட்டுப் பேர். 2011 கணக்கெடுப்பில் மணிப்பூரின் ஜனத்தொகை சுமார் 28 லட்சம். நம் திருச்சி மாவட்டத்தின் ஜனத்தொகை 27 லட்சம். கிட்டத்தட்ட ஒரே அளவு ஊர்!

அவர்களிடம் பணம் கொட்டிக் கிடக்கிறதா? கேப்டன் அமர்ஜித் சிங்கின் அம்மா இம்பால் பக்கம் மீன் விற்றவர். ஜீக்சனின் அம்மா காய்கறி விற்றவர். பணம் இல்லை, ஆனால் மைதானம் இருக்கிறது. சாயங்காலமானால் அதில் பந்து உருள்கிறது. நமக்கோ பொன்மலை ஜி கார்னர் என்றால் அரசியல் மாநாடுதான் ஞாபகம் வருகிறது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த அணியிலிருந்து ஜீக்சன், சுரேஷ் சிங், அன்வர் அலி, அபுயா என்று சிலர் பெரியவர்கள் அணி வரை வந்தார்கள். அந்தப் பையன்களைக் கலைந்து போகவிடாமல் 'இந்தியன் ஆரோஸ்' என்ற அணியாக ஐ-லீக்கில் ஆடவும் வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் 2022-ல் அந்தக் கடையையும் மூடிவிட்டார்கள்.

இப்போது எனக்கு நிஜமாகவே வயிறு எரிகிற விஷயத்துக்கு வருகிறேன். 2018-ல் மலேசியாவில் 16 வயதுக்கு உட்பட்டோருக்கான ஆசியப் போட்டி. அரையிறுதிக்குப் போகிற நான்கு அணிகளுக்கும் அடுத்த ஆண்டு உலகக் கோப்பையில் இடம். நம் பையன்கள் தகுதிச் சுற்று ஆடி, லீக் சுற்று ஆடி, கால் இறுதி வரைக்கும் வந்துவிட்டார்கள். தென் கொரியாவிடம் 0-1. ஒரே ஒரு கோல்! அது மட்டும் திரும்பியிருந்தால், யாரும் சாய்ந்து கொடுக்காமல், சொந்தக் காலால் உலகக் கோப்பைக்குப் போயிருப்போம். அந்த ஆட்டத்தை எந்த டீக்கடையிலும் யாரும் மாற்றச் சொல்லவில்லை. நானும்தான்.

அதற்கும் முன்னால், 1974-ல் பாங்காக்கில், ஷபீர் அலி தலைமையில் நம் இளைஞர் அணி ஈரானோடு 2-2 என்று சமன் செய்து ஆசியக் கோப்பையைப் பகிர்ந்துகொண்டது. எத்தனை பேருக்குத் தெரியும்? ஏறிப் போனவர்களை மறந்துவிட்டு ஏற்றிவிடப்பட்டதைக் கொண்டாடுகிறோம்.

பெண்கள் விஷயத்திலும் இதே கதைதான். 2022-ல் 17 வயதுக்கு உட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையையும் இந்தியாதான் நடத்தியது. நடப்பதற்கு இரண்டு மாதம் முன்னால், நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று சொல்லி ஃபிஃபா இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தையே சஸ்பெண்ட் செய்து, பத்துப் பதினோரு நாள் கழித்து விலக்கிக்கொண்டது. பெரியவர்கள் நாற்காலிச் சண்டைக்குச் சின்னப் பெண்களின் உலகக் கோப்பை போயிருக்கும். தப்பியது. ஆட்டத்தில் 0-8, 0-3, 0-5. கேப்டன் அஷ்டம் ஓரான் ஜார்க்கண்டின் ஒரு குக்கிராமத்துப் பெண். அவர் பெயரைச் சொல்லி ஊருக்குச் சாலை போட்டபோது, அந்த வேலையில் தினக்கூலியாக மண் சுமந்தவர்கள் அவருடைய அப்பா அம்மா. இதற்கு நான் எந்தப் பக்கத்தில் பற்று வைப்பது?

கணக்குப் புத்தகத்தில் 'குட்வில்' என்று ஒரு சொத்து உண்டு. கண்ணால் பார்க்க முடியாது. பாலன்ஸ் ஷீட்டில் மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். ஒருநாள் ஆடிட்டர் வந்து, "இதுக்கு இப்ப மதிப்பில்லை சார், எழுதித் தள்ளிடுங்க" என்பார். உலகக் கோப்பை நடத்தியதால் நமக்கு வந்ததாகச் சொல்லப்படும் பெருமை அந்த ரகம். 2019, 2023, 2025 என்று அடுத்து நடந்த மூன்று போட்டிகளிலும் இந்தியப் பையன்கள் அணி இல்லை.

எனக்கு ஸ்டேடியம் வேண்டாம். மாவட்டத்தில் 13 வயதுப் பையன்களுக்கும் பெண்களுக்கும் பத்துப் பத்து அணி. சனிக்கிழமை தோறும் ஒரு மேட்ச். வருஷத்தில் ஆறு மாசம். ஒரு விசில், இரண்டு வலை, கொஞ்சம் சுண்ணாம்பு, முடிந்ததும் ஆளுக்கு ரெண்டு வாழைப்பழம். பெரியவர் சொன்ன தோல்விகளை நம் பிள்ளைகள் இங்கேயே, இந்தப் புழுதியிலேயே தோற்று முடித்துவிட வேண்டும். கோல் போட்டதும் அடக்கி ஆடுவதை டெல்லியில் போய், உலகமே பார்க்கும்போது கற்றுக்கொள்ள முடியாது.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். சின்ன வயதில் நாங்கள் ஆடிய பொட்டல் கம்பி வேலிக்குள் இருக்கிறது. கேட்டில் பூட்டு. கொஞ்சம் தள்ளி வாடகை 'டர்ஃப்'பில் விளக்குப் போட்டுப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். மணிக்கு இவ்வளவு என்று காசு. வெளியே வலையைப் பிடித்தபடி நாலைந்து பொடிசுகள்.

"நீங்க ஆடலியாடா?" என்றேன்.

"ஓசில விடமாட்டாங்க அங்கிள்" என்றான் ஒருவன்.

மலையில் சாமி இன்னும் சாய்ந்தபடியேதான் இருக்கிறார். எறும்புகளைத்தான் வேலிக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறோம்.