ஆட்டோகிராஃப்: யாருடைய ஞாபகம்?

‘ஆட்டோகிராஃப்’ என்றதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது சேரனின் படம்தான். 2004இல் அது வெளிவந்தபோது நான் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. ஆறாம் ஆண்டு முடிவதற்குள் அந்தப் படத்தின் பாடல்கள் எங்களுக்கு மனப்பாடம். வகுப்பில் ஒரு நோட்டுப் புத்தகம் சுற்றியது. பிடித்த நடிகர், பிடித்த நிறம், ‘என்னை மறந்துவிடாதே’ என்ற ஒரு வரி, கீழே பூ படம். அப்படித்தான் அந்தச் சொல் தமிழில் பிரிவுக்கும் பழைய காதலுக்கும் இன்னொரு பெயராக நின்றுவிட்டது.

அதே சொல்லுக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. ஆட்டம் முடிந்து வீரர்கள் வெளியே வரும் வாசலில் பேனாவோடு நிற்பவர்களின் வாழ்க்கை. அமெரிக்காவில் பத்து வயதில் பேஸ்பால் வீரர்களிடம் கையெழுத்து கேட்கத் தொடங்கி, பேரன் பேத்தி எடுத்த பிறகும் விடாதவர்கள் இருக்கிறார்கள். இங்கே ஜொகூரில் அது காற்பந்து. எனக்குத் தெரிந்த ஓர் அங்கிள், பாசீர் கூடாங் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், நாற்பது வருடத்துக்கும் மேலாக இதைச் செய்கிறார். முதலில் லார்கின் அரங்கம். 2020க்குப் பிறகு இஸ்கண்டார் புத்ரியில் உள்ள சுல்தான் இப்ராஹிம் அரங்கம். நான் வாசித்த தமிழ்க் கதைகளில் இப்படிப்பட்ட ஒருவரைச் சந்தித்ததே இல்லை. சினிமா ரசிகன் இருக்கிறான், கட்சித் தொண்டன் இருக்கிறான், வாசலில் காத்திருக்கும் இந்த மனிதர் இல்லை.

வெளியிலிருந்து பார்த்தால் இது சும்மா ஆள்பிடிக்கிற வேலை மாதிரி தெரியும். அவரோடு சில ஆட்டங்களுக்குப் போன பிறகு எனக்கு இது ஒரு வாசிப்பு முறை என்று தோன்றியது. முதலில் முகம் தெரிந்திருக்க வேண்டும். எண் போட்ட ஜெர்சியைக் கழற்றிவிட்டுத் தொப்பியும் செருப்புமாக ஒருவர் நடந்து வந்தால் அவர் யாரென்று இரண்டு விநாடியில் சொல்லத் தெரிய வேண்டும். பேரைச் சரியாக உச்சரிக்க வேண்டும். ஜெர்சித் துணிக்குள் ஓர் அட்டையைச் செருகி இழுத்துப் பிடிக்காவிட்டால் மார்க்கர் மை பரவிவிடும். வழவழப்பான படத்தில் மை காயும்வரை கை படக்கூடாது. பேனா மூடியை முன்கூட்டியே திறந்து வைத்திருக்க வேண்டும். “ஒரு ஆளுக்கு ஒண்ணுதான் தம்பி. ரெண்டு கேட்டா அது வியாபாரம்” என்பார்.

இன்னொன்றும் சொன்னார். நட்சத்திர வீரர் நடந்துகொண்டே கிறுக்குவார். முழு ஆட்டமும் மாற்று வீரர்களின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இளைஞன் நின்று, உங்கள் பேரைக் கேட்டு, தன் பேரை முழுசாக எழுதுவான். அவருடைய ஆல்பத்தில் படிக்க முடிகிற கையெழுத்துகளெல்லாம் அநேகமாக நாம் கேள்விப்படாதவர்களுடையவை. அமெரிக்க பேஸ்பாலில் 573 ஹோம் ரன் அடித்த ஹார்மன் கில்லப்ரூ இதற்கு நேர் எதிரானவர். அவ்வளவு பெரிய பெயரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தும் தெரியும்படி கையெழுத்திட்டார். தன் பழைய அணியில் பின்னாளில் ஆடிய டோரி ஹன்டர் போன்ற இளையவர்களிடமும் அதை வலியுறுத்தினார். காத்திருந்தவனுக்கு யாரைப் பார்த்தோம் என்று பிற்பாடும் தெரிய வேண்டும், அந்த மரியாதைதான்.

இந்த இடத்திலிருந்து சேரனின் படத்தைத் திரும்பப் பார்க்கிறேன். செந்தில் தன் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்கப் பழைய ஊர்களுக்குப் போகிறான். கமலா, லத்திகா, திவ்யா என்று மூன்று பெண்கள். படம் நேர்மையானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த மூவரும் செந்திலின் நோட்டில் மூன்று பக்கங்களாகவே இருக்கிறார்கள். பக்கம் அவர்களுடையது என்றாலும் எழுதுவது அவன்தான். அவர்களுக்கு நடந்த கொடுமைகூட அவன் கண்ணீருக்கான காரணமாகவே நமக்கு வந்து சேர்கிறது. கையெழுத்து என்பது அடுத்தவர் தன் கையால் போடுவது. தலைப்பில் இருக்கும் அந்த அடுத்தவர் கை படத்தில் மிகக் குறைவு. நமக்குத் தெரிந்த ‘ஆட்டோகிராஃப்’ இதுதான் என்பதால், கையெழுத்து சேர்ப்பது என்றாலே தன்னைத்தானே நினைத்து உருகும் காரியம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

அடுத்தவர் கையைத் தொலைக்க இன்னொரு வழி, சந்தை. 1990களின் கடைசியில் அமெரிக்காவின் எஃப்பிஐ ‘ஆப்பரேஷன் புல்பென்’ என்ற பெயரில் போலிக் கையெழுத்துக் கும்பல்களைப் பிடித்தது. அந்த வழக்கில் சிக்கிய பொருள்களில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பாலும் ஒன்று. சிரிப்பாக இருக்கிறது. ஆனால் விலை கொடுத்து வாங்குகிறவருக்கு வேண்டியது பெயர் மட்டும் என்றால் அது ஏன் நடக்காது? சந்திப்பு நடந்ததா என்று கேட்க அங்கே ஆளில்லை. காந்தியும் கையெழுத்துக்கு 5 ரூபாய் வாங்கினார், ஹரிஜன நிதிக்காக. அங்கேயும் பணம் கைமாறியது. ஆனால் கேட்டவர் அவர் முன்னால் நின்றிருந்தார், பேனா காந்தியின் கையில் இருந்தது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 2016இல் சியூ கெங் குவான் இயக்கிய ‘ஓலா போலா’ வெளிவந்தது. 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற மலேசிய அணியின் கதையைத் தழுவிய படம். ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததை எதிர்த்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது, அணி போகவே இல்லை. படத்தில் கோல்காவலர் முத்துக்குமார். சரண்குமார் நடித்தார். தமிழ் பேசும் ஒரு வீட்டைப் பெரிய திரையில், எல்லா இனத்தவரோடும் உட்கார்ந்து பார்த்தது பெரிய சந்தோஷம்தான்.

முத்துக்குமாருக்குப் பின்னால் இருப்பவர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பேர் வாங்கியவர், 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தார். என் வயது நண்பர்கள் பலருக்கு முத்துவைத் தெரிகிறது, ஆறுமுகத்தைத் தெரியவில்லை. புனைவு பெயரை மாற்றலாம், அது குறையில்லை. என் விமர்சனம் வேறு. ‘ஓலா போலா’வுக்கு ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், ஓர் இந்தியர் தேவை. மூவரும் சேர்ந்தால் நாடு. அந்தக் கணக்கில் முத்து ஓர் இடத்தை நிரப்புகிறார். சேரன் படத்தில் பெண்கள் நாயகனின் ஞாபகமானார்கள், இங்கே வீரர் தேசத்தின் ஞாபகமாகிறார். இரண்டிலுமே அந்த ஆள் தனக்கென்று நிற்பதற்குக் கொஞ்ச இடம்தான்.

அங்கிளின் ஆல்பத்தில் ஆறுமுகத்தின் கையெழுத்து இருக்கிறது. சிலாங்கூர் அணி லார்கினுக்கு வந்தபோது வாங்கியது, பள்ளி நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாளில். பின்பக்கம் அங்கிள் பென்சிலால் தேதி, அரங்கம், எதிரணி, மழையா வெயிலா என்று குறித்திருக்கிறார். எல்லாத் தாளுக்கும் அப்படித்தான். அந்த வரிசையில் 2015இல் ஏஎஃப்சி கோப்பையை வென்ற ஜேடிதி அணியின் எஸ். குணாளனும் இருக்கிறார். ஒரு ஆட்டம் ஆடிவிட்டுக் காணாமல் போனவர்களும் இருக்கிறார்கள். இதில் யாரும் யாருக்கும் பிரதிநிதி இல்லை. ஆறுமுகம் ஆறுமுகமாக இருக்கிறார், முன்னால் அப்பாவின் எழுத்தோடு.

ஞாபகத்தை யார் வைத்துக்கொள்கிறார்கள் என்பது சின்ன விஷயமில்லை. 1997 நவம்பர் 16ஆம் தேதி இதே லார்கினில்தான் ஜப்பான் 3-2 என்று ஈரானை வென்று முதன்முறையாக உலகக் கோப்பைக்குப் போனது. கோல்டன் கோல் அடித்தவர் ஒகானோ. ஜப்பானியர்கள் அந்த இரவை இன்றும் ‘ஜொகூர் பாருவின் மகிழ்ச்சி’ என்று சொல்கிறார்கள். நம் ஊர்ப் பேரில் அவர்களுக்கு ஒரு மரபுத்தொடரே இருக்கிறது. அதே திடலில் ஆடிய நம் வீரர்களைப் பற்றித் தமிழில் என்ன இருக்கிறது? பழைய நாளிதழ்ச் செய்திகள், சில குடும்பங்களில் கோப்பைகள், இப்படிச் சில ஆல்பங்கள். ஆல்பத்தின் சொந்தக்காரர் போன பிறகு வீட்டைக் காலி செய்யும்போது அவையெல்லாம் பழைய பேப்பர் வாங்கும் லாரிக்குப் போகும். பின்பக்கத்துப் பென்சில் எழுத்தை யாரும் திருப்பிப் பார்க்கப்போவதில்லை.

கடைசியாக, நம்மைப் பற்றி. இலக்கிய வாசகர்களான நாமும் கையெழுத்து சேர்க்கிறவர்கள்தான். தமிழ்நாட்டிலிருந்து பெரிய எழுத்தாளர் வந்தால் வரிசையில் நிற்கிறோம், செல்ஃபி எடுத்துப் பதிவிடுகிறோம். அதே மண்டபத்தில் இன்னொரு மேசையில், தன் சொந்தக் காசில் புத்தகம் போட்ட உள்ளூர் எழுத்தாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாலு பேர்கூடப் போவதில்லை. பெயரைச் சேர்ப்பதா, ஆளைச் சந்திப்பதா என்ற கேள்வி அரங்க வாசலுக்கு மட்டுமானதில்லை. அங்கிள் பெஞ்சு வீரரிடமும் நிற்கிறார், நட்சத்திரத்திடமும் நிற்கிறார், இரண்டு தாளுக்கும் ஒரே அளவு பிளாஸ்டிக் உறை போடுகிறார். விமர்சகனுக்கு இதைவிட நல்ல பழக்கம் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஓர் ஆல்பம் இருக்கலாம். போய்ப் பாருங்கள். ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். வைத்திருப்பவர் இருக்கும்போதே, இது யார், எங்கே, என்றைக்கு என்று கேட்டு எழுதுங்கள். நம் விளையாட்டுக் கதை எழுதப்படும் நாளில் அந்தத் தாள்தான் தொடக்கமாக இருக்கும்.