ரசிகன் எழுதும் முதல் வரைவு

சில வருடங்களுக்கு முன்னால் நானும் ஒரு ரசிகர் படத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஸ்டார் ட்ரெக் உலகத்தில் நடக்கும் கதை, 46 பக்கம். எழுதி முடித்த ராத்திரி தூக்கமே வரலை, அவ்வளவு சந்தோஷம். மறுநாள் அதை ஸ்டார் ட்ரெக்கில் ஒரு எபிசோடுகூடப் பார்க்காத நண்பன் ஒருவனிடம் கொடுத்தேன். பொறுமையாகப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "எல்லாரும் எதையோ பார்த்து ஆச்சரியப்பட்டுக்கிட்டே இருக்காங்களே, அப்படி என்னதான்டா நடக்குது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பழைய வில்லன் திரும்பி வருகிறான். பழைய கப்பல் வருகிறது. பழைய வசனம் ஒன்றை யாரோ பாதி சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்கள். இதுதான் என் 46 பக்கமும். தெரிந்தவனுக்குக் கைதட்டத் தோன்றும், தெரியாதவனுக்கு ஒன்றுமே இல்லை.

ரசிகர் படம் என்றாலே நாம் குறை சொல்வது நடிப்பை, ஒலியை, கிராபிக்ஸை. அதற்கெல்லாம் பணம் வேண்டும், அவர்களிடம் இல்லை, சரி. ஆனால் எழுதுவதற்குக் காசு எதுக்கு? பெரிய ஸ்டுடியோவோடு சரிக்குச் சமமாக மோதக்கூடிய ஒரே இடம் ஸ்கிரிப்ட்தான். பெரும்பாலான ரசிகர் படங்கள் கவிழ்வதும் அங்கேதான். விஷயம் தெரியாமல் கவிழ்வதில்லை. அளவுக்கு மீறித் தெரிந்திருப்பதால்தான் கவிழ்கின்றன.

2009-ல் பிரிட்டனில் டோல்கீன் ரசிகர்கள் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று கிறிஸ் பூஷார் இயக்கிய 'தி ஹன்ட் ஃபார் கோல்லம்', சுமார் 40 நிமிடம். இன்னொன்று கேட் மேடிசன் இயக்கிய 'பார்ன் ஆஃப் ஹோப்', ஒரு மணி நேரத்துக்கும் மேல். இரண்டுக்கும் சிக்கல் ஒன்றுதான்: கதையின் முடிவு பார்ப்பவருக்கு முன்கூட்டியே தெரியும்.

முதல் படத்தில் அரகோர்ன் கோல்லத்தைத் தேடிப் பிடிக்கிறான். பிடித்ததைச் சாக்கு மூட்டைக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு நடக்கிறான். கணினியில் உருவாக்க வேண்டிய ஒரு பாத்திரத்தைப் பாதி நேரம் மூட்டைக்குள் அடைத்துவைத்தது நல்ல எழுத்து; பட்ஜெட்டுக்குள் பிறந்த யோசனை. ஆனால் அரகோர்னும் சாகமாட்டான், கோல்லமும் சாகாது என்பது நமக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு சண்டையிலும் 'என்ன ஆகப்போகுது' என்ற கேள்வி எழுவதில்லை, 'எப்படி எடுத்திருக்காங்க' என்றுதான் பார்க்கிறோம். படத்துக்குள் எப்படி வந்தானோ அப்படியே வெளியே போகிறான் அரகோர்ன்.

'பார்ன் ஆஃப் ஹோப்' அவனுடைய அப்பா அம்மா கதை. மகனுக்கு 2 வயது இருக்கும்போது அப்பா அரதோர்ன் இறந்துவிடுவார் என்று டோல்கீனே பின்னிணைப்பில் எழுதிவைத்துவிட்டார். இந்தக் கல்யாணம் வேண்டாம், அவனுக்கு ஆயுள் குறைவு என்கிறார் பெண்ணின் அப்பா. இப்போதே நடந்தால்தான் நம் மக்களுக்கு ஒரு நம்பிக்கை பிறக்கும் என்கிறாள் அம்மா. அதனால் முடிவு தெரிந்திருப்பது இங்கே பலமாகிறது. சாவு உறுதி என்று தெரிந்தும் கழுத்தை நீட்டுவாளா என்பதுதான் கேள்வி. கூடவே, அரதோர்னை மனசுக்குள் விரும்பும் எல்கரைன் என்ற பெண் வீராங்கனை. டோல்கீன் எழுதாத பாத்திரம். அவளுக்கு எந்தப் பின்னிணைப்பும் பாதுகாப்பு தராது, என்ன வேண்டுமானாலும் ஆகலாம். படம் நீளம்தான், சண்டைகளைக் குறைத்திருக்கலாம். ஆனாலும் அவள் வரும்போதெல்லாம் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஸ்டார் ட்ரெக்கிலும் இதே கதைதான். 'நியூ வாயேஜஸ்' என்ற ரசிகர் தொடரில் 2007-ல் வந்தது 'வேர்ல்ட் இனஃப் அண்ட் டைம்'. எழுதியவர்கள் மார்க் ஸ்காட் ஸிக்ரீ, மைக்கேல் ரீவ்ஸ். அறுபதுகளில் சூலுவாக நடித்த ஜார்ஜ் டகெய்க்கு அப்போது 70 வயது. அவரைக் கூட்டிவந்து ரசிகர்களைப் பார்த்துக் கையசைக்க வைத்திருந்தாலே போதும், விசில் பறந்திருக்கும். அவர்கள் அதைச் செய்யவில்லை. சூலு வேறொரு உலகத்தில் 30 வருடம் சிக்கிக்கொள்கிறான்; கப்பலில் இருப்பவர்களுக்கோ கொஞ்ச நேரம்தான். திரும்பும்போது அங்கே பிறந்த மகளோடு வருகிறான். கப்பலைக் காப்பாற்றும் வழி அந்த மகளை இழக்கும் வழியாகவும் இருக்கிறது. நடிகரின் வயதையே கதையின் காயமாக மாற்றிவிட்டார்கள். ஹ்யூகோ விருதுக்கான பரிந்துரைப் பட்டியலில் அது இடம்பிடித்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

திருத்தி எழுதுவதற்கு நான் காட்டும் உதாரணம் 'பிளட் அண்ட் ஃபயர்'. டேவிட் ஜெரோல்ட் 1987-ல் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடருக்காக எழுதி, எடுக்கப்படாமல் போன கதை. எய்ட்ஸ் பயத்தை மறைமுகமாகப் பேசியது, தன்பாலினத் தம்பதி ஒன்றும் இருந்தது. 20 வருடம் கழித்து அதே 'நியூ வாயேஜஸ்' குழுவுக்காக, கார்லோஸ் பெட்ராசாவோடு சேர்ந்து, கிர்க் காலத்துக்கு மாற்றினார். அந்த ஜோடியில் ஒருவன் இப்போது கேப்டன் கிர்க்கின் அண்ணன் மகன். இந்த ஒரு மாற்றத்தைக் கவனியுங்கள். ஆபத்தான இடத்துக்கு ஆள் அனுப்புவது முன்பு கேப்டனின் கடமை மட்டும்தான். இப்போது தன் வீட்டுப் பிள்ளையை அனுப்புகிறார். பழைய பாத்திரத்தின் பெயர் இங்கே அலங்காரமாக நிற்கவில்லை, வேலை செய்கிறது.

இதில் ஒரு கசப்பும் உண்டு. 'ஆக்ஸனார்' ரசிகர் படத்தின் மீது பாரமவுண்டும் சிபிஎஸ்ஸும் 2015 டிசம்பரில் வழக்குப் போட்டன. அடுத்த வருடம் ரசிகர் படங்களுக்கான விதிகளை வெளியிட்டன. ஒரு கதைக்கு 15 நிமிடம், இரண்டு பாகமாக எடுத்தால் மொத்தம் 30. ஸ்டார் ட்ரெக்கில் எப்போதாவது வேலை பார்த்தவர்கள் யாரும் இருக்கக்கூடாது. அப்படியென்றால் டகெய் நடித்த படத்தையும், ஜெரோல்ட் எழுதியதையும் இன்று எடுக்கவே முடியாது. இருந்ததிலேயே நல்லவற்றைத்தான் அந்த விதி தடுக்கிறது. எனக்கு இதில் சமாதானமே இல்லை.

ஆனால் அந்த 15 நிமிடம் எனக்கு ஒன்று கற்றுக்கொடுத்தது என்பதையும் மறைக்கக்கூடாது. ஒரு பக்கம் சுமார் ஒரு நிமிடம் என்பது ஸ்கிரிப்ட் கணக்கு. 46-ஐ 15 ஆக்கணும். ஒவ்வொரு காட்சியிலும் பழைய கதையை நினைவூட்டும் வரிகளை அடித்துவிட்டு, மிச்சம் என்ன என்று பார்த்தேன். பல காட்சிகளில் ஒன்றுமே மிஞ்சவில்லை. பழைய வில்லன் கதவைத் திறந்துகொண்டு வரும் காட்சியும் போச்சு. அந்தக் காட்சிக்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். அடிப்பதற்கு இரண்டு வாரம் பிடித்தது.

மிஞ்சியது முதல் வரைவில் இரண்டே வசனம் வைத்திருந்த ஒரு தகவல்தொடர்பு அதிகாரி. உதவி கேட்டு வரும் ஒரு செய்தியைக் கேட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருக்கிறாள். இப்போது 14 பக்கமும் அவளுடையது.

அதே நண்பனிடம் மறுபடி கொடுத்தேன். இந்த முறையும் ஒரு கேள்விதான் கேட்டான்: "அவ ஏன்டா அதை கேப்டன்கிட்ட சொல்லலை?"

படம் இன்னும் எடுக்கவில்லை. அந்தக் கேள்விக்காக ஐந்தாவது வரைவு எழுதிக்கொண்டிருக்கிறேன்.