செல்வாக்கும் ஆதிக்கமும்: அமெரிக்க வெளிநாட்டுக் கொள்கையிற் சியோனிசம்

அமெரிக்காவின் மத்திய கிழக்குக் கொள்கை பற்றிய உரையாடல் எழும்போதெல்லாம் நம்மிடையே தவறாது கேட்கும் கூற்றொன்று உண்டு. 'அமெரிக்காவை ஆள்பவர் யூதரே' என்பது அது. விடுதி அறைகளில் மட்டுமன்றிக் கருத்தரங்குகளிலும் இக்கூற்று ஆராய்ச்சி முடிவு போல முன்வைக்கப்படுகின்றது. இதனைக் கூறுவோர் பலர் பலஸ்தீன மக்களின்பால் உண்மையான பரிவு கொண்டவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பரிவு ஒரு கூற்றை உண்மையாக்கிவிடாது. ஒரு கொள்கையை எதிர்க்க முனைவோர் முதலில் அதன் வேர்களைச் சரிவர இனங்காணல் வேண்டும்.

இவ்விடயத்திற் புலமை நிலையில் முன்வைக்கப்பட்ட விளக்கங்களுள் இரண்டு முதன்மையானவை. ஜோன் மியர்ஷைமர், ஸ்டீபன் வோல்ற் ஆகிய அமெரிக்கப் பேராசிரியர் இருவர் 2006ஆம் ஆண்டிற் கட்டுரையாகவும் 2007ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்ட ஆய்வு ஒன்று. இஸ்ரேலுக்குக் கிடைக்கும் நிபந்தனையற்ற ஆதரவை அமெரிக்காவின் தேசிய நலனாலோ அறநெறியாலோ விளக்க முடியாதென்றும், 'ஐபக்' முதலான அமைப்புகளைக் கொண்ட செல்வாக்குக் குழுவின் அழுத்தமே அதற்குப் பிரதான காரணமென்றும் அவர்கள் வாதிட்டனர். நோம் சொம்ஸ்கியின் விளக்கம் மற்றையது. எண்ணெய் வளம் மிக்க பிரதேசத்தில் அமெரிக்க மேலாதிக்கத்துக்கு இஸ்ரேல் பயன்படுகின்றது. ஆதலாலேயே அது பேணப்படுகின்றது என்பது அவர் கருத்து. பேராசிரியர்கள் தாம் குறிப்பிடும் குழு சதிக்கும்பலன்று என்றும், அது ஏனைய நலன்சார் குழுக்களைப் போன்றதே என்றும் தெளிவாகக் கூறியிருந்தனர். அவர்களை மேற்கோள் காட்டுவோர் பலர் இதனை மறந்துவிடுகின்றனர்.

முதலாவது விளக்கத்தை வரலாற்றில் வைத்து நோக்குவோம். சினாயிலிருந்து வெளியேறுமாறு ஐசன்ஹோவர் வற்புறுத்தியபோது, 1957இல் இஸ்ரேல் வெளியேறியது. 1981இல் சவூதி அரேபியாவுக்குக் கண்காணிப்பு விமானங்களை விற்கும் திட்டத்தை ஐபக் கடுமையாக எதிர்த்தது; எனினும் செனற் சபையில் 52க்கு 48 என்ற வாக்குகளால் றீகன் வென்றார். 1991இல் மூத்த புஷ், இஸ்ரேல் கோரிய 1,000 கோடி டொலர் கடனுத்தரவாதத்தைத் தாமதப்படுத்தினார். 2015 மார்ச்சில் நெதன்யாகு அமெரிக்கக் காங்கிரஸில் நேரிலே தோன்றி எதிர்த்தும், அவ்வாண்டிலேயே ஈரானுடனான அணு உடன்பாடு நிறைவேறியது. ஒரு ஜனாதிபதி உறுதியுடன் நின்றபோது அக்குழு தோற்றுள்ளது என்பதையே இவை புலப்படுத்துகின்றன. செல்வாக்கு என்பது வேறு. ஆதிக்கம் என்பது வேறு.

இரண்டாவது விளக்கத்துக்கும் சான்றுகள் உள. 1967 வரை இஸ்ரேலின் பிரதான ஆயுத வழங்குநராக விளங்கியது பிரான்ஸே. அவ்வாண்டு யுத்தத்தில் இஸ்ரேல் தன் வலிமையை நிரூபித்த பின்னரும், குறிப்பாக 1973 யுத்தத்தின் பின்னருமே அமெரிக்க உதவி பெருகிற்று. இஸ்ரேல் என்றொரு நாடு இல்லாதிருந்தால் அமெரிக்கா அதனை உருவாக்கியிருக்க வேண்டும் என்ற கருத்தை 1986இற் செனற் சபையிலே கூறியவர் ஜோ பைடன். அவர் யூதரல்லர். 2016இல் ஒபாமா ஆட்சியிற் கைச்சாத்தான ஒப்பந்தம் பத்தாண்டுகளுக்கு 3,800 கோடி டொலர் இராணுவ உதவியை உறுதி செய்தது. காஸாவில் உடனடி யுத்தநிறுத்தம் கோரிப் பாதுகாப்புச் சபையில் 14 நாடுகள் ஆதரித்த பிரேரணையை 2024 நவம்பரில் அமெரிக்கா தனித்து நின்று வீட்டோ அதிகாரத்தால் முறியடித்தபோது, பைடனே ஜனாதிபதி.

ஆயினும் இவ்விரு விளக்கங்களும் போதிய அழுத்தம் கொடுக்காத அம்சமொன்று உண்டு. அமெரிக்கப் புரட்டஸ்தாந்து மத உணர்வே அது. 1885இற் பிற்ஸ்பேக் நகரிற் கூடிய சீர்திருத்த யூத குருமார், பலஸ்தீனத்துக்குத் திரும்பும் எண்ணம் தமக்கில்லையென அறிக்கையிட்டனர். ஆறாண்டுகளின் பின், 1891இல், வில்லியம் பிளாக்ஸ்ரன் என்ற கிறிஸ்தவப் பிரசாரகர், ரஷ்ய யூதருக்குப் பலஸ்தீனத்தைப் பெற்றுக்கொடுக்குமாறு ஜனாதிபதி ஹரிசனுக்கு விண்ணப்பித்தார். அதிற் கையொப்பமிட்ட 413 பேருள் செல்வர் றொக்பெல்லரும் பிரதம நீதியரசரும் அடங்குவர், பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். ஹேர்ஸலின் யூத அரசு பற்றிய நூல் வெளிவந்தது 1896இலேயே. முதலாவது சியோனிச மாநாடு பேசலிற் கூடியது 1897இலேயே. அரசியற் சியோனிசம் அமைப்பு வடிவம் பெறுமுன்னரே அதன் கோரிக்கை வெள்ளை மாளிகையை அடைந்துவிட்டது. ஹேர்ஸல் ஒட்டோமன் சுல்தானையும் ஜேர்மனியப் பேரரசரையும் பிரித்தானியரையும் நாடினார். பின்வந்த சியோனிசத் தலைவர்கள் 1942இல் நியூயோர்க்கிற் கூடி அமெரிக்காவின்பாற் கவனத்தைத் திருப்பியபோது, நிலம் முன்னரே பண்பட்டிருந்தது. 1948 மே 14ஆம் திகதி, இராஜாங்கச் செயலாளர் மார்ஷலின் எதிர்ப்பையும் மீறி, பிரகடனம் வெளியான 11 நிமிடங்களில் ட்றூமன் புதிய அரசை அங்கீகரித்தார். அம்முடிவிலே தேர்தற் கணக்கும் அகதிகள்பாற் கொண்ட இரக்கமும் சோவியத் போட்டியும் இருந்தன. விவிலியப் பயிற்சியும் இருந்தது.

இம்மத உணர்வு 1979இல் ஜெரி பால்வெல் நிறுவிய இயக்கத்தின் பின் தேர்தற் சக்தியாயிற்று. ஜெருசலேமுக்குத் தூதராலயத்தை மாற்றும் சட்டத்தைக் காங்கிரஸ் 1995இலேயே நிறைவேற்றியிருந்தும், ஜனாதிபதிகள் ஆறு மாதத்துக்கொரு முறை அதனை ஒத்திவைத்து வந்தனர். 2017இல் ட்ரம்ப் அதனை நடைமுறைப்படுத்த முடிவு செய்தார். 2018 மே மாதத் திறப்பு விழாவிற் பிரார்த்தனை செய்தோருள் றொபேட் ஜெப்றெஸ், ஜோன் ஹேகி ஆகிய சுவிசேஷப் போதகர்கள் இருவர். அம்மாற்றம் சுவிசேஷக் கிறிஸ்தவர்களுக்காகவே செய்யப்பட்டதென 2020இல் ட்ரம்ப் தாமே கூறினார். 2016இல் வெள்ளையினச் சுவிசேஷக் கிறிஸ்தவருட் பத்தில் எட்டுப் பேரளவில் அவருக்கு வாக்களித்திருந்தனர். அமெரிக்க யூதருட் பெரும்பாலோர் அவருக்கு எதிராக வாக்களித்தவர்கள் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இஸ்ரேலிலும் மதச் சியோனிசம் இதற்கு இணையாக வளர்ந்துள்ளது. 1974இல் உருவான 'குஷ் எமுனிம்' இயக்கம் மேற்குக் கரைக் குடியேற்றத்தைத் தெய்வக் கட்டளையாக்கியது. 2019இல், அக்குடியேற்றங்கள் தம்மளவிற் சர்வதேசச் சட்டத்துக்கு முரணானவையல்ல என அறிவித்த இராஜாங்கச் செயலாளர் பொம்பியோ ஒரு சுவிசேஷக் கிறிஸ்தவர். 2025இல் இஸ்ரேலுக்குத் தூதுவராகச் சென்ற ஹக்கபியும் பப்ரிஸ்ற் போதகரே. இவ்வாறு, ஒரே நிலத்தின்மேல் வெவ்வேறு இறுதிக்காலக் கனவுகளைக் கொண்ட இரு மதப் பிரிவினர் ஒருவரையொருவர் பயன்படுத்திக்கொள்கின்றனர். இயேசுவை ஏற்காத யூதர் இறுதியில் அழிவர் எனப் போதிக்கும் இறையியலை இஸ்ரேலின் நண்பன் என்று அழைப்பதிலுள்ள முரண்பாடு கவனத்துக்குரியது.

மியர்ஷைமரும் வோல்ற்றும் கிறிஸ்தவச் சியோனிசத்தைத் தம் நூலிற் சேர்த்துக்கொண்டபோதும் அதற்கு இரண்டாம் நிலையிலேயே இடமளித்தனர். 2017இன் பின்னரான நிகழ்வுகள் அம்மதிப்பீட்டை மீளாய்வு செய்ய வேண்டுகின்றன. அயலார் சிலரின் அழுத்தம் விலகினால் அமெரிக்கா நேர்வழி செல்லும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. அதன் கொள்கை அதன் சொந்த நலன்களிலும், சொந்த மக்களின் மத நம்பிக்கையிலும், சொந்தத் தேர்தல் முறையிலும் வேரூன்றியது. 'யூதர் ஆள்கின்றனர்' என்ற கூற்று, ஐரோப்பாவிற் கொலைக்களங்களுக்கு வழிகோலிய பழைய பொய்யை மீட்டுரைக்கின்றது. அதேவேளை வொஷிங்டன் ஆட்சியாளரைப் பொறுப்பிலிருந்து விடுவித்தும் விடுகின்றது. ஆயுதம் வழங்கும் கையொப்பத்தை இடுபவர்கள் அவர்களே. பலஸ்தீனருக்கு நீதி வேண்டுவோர் கேள்வியைக் கேட்க வேண்டிய முகவரியும் அதுவே.