துப்பறியும் கதையும் நாட்டுப் பாடலும்

துப்பறியும் கதை இலக்கியமாகுமா என்னும் வினாவுக்குச் சுஜாதாவின் 'கரையெல்லாம் செண்பகப்பூ' தக்கதோர் உரைகல். 1981இல் திரைப்படமாகவும் வந்த இந்நாவலைக் குறித்து வாசகரிடையே இரு கருத்துகள் உள. கொலையாளி யார் எனும் ஆவலையே பயனாகக் கொள்வோர், அத்தியாயங்களின் தலைப்பில் நிற்கும் நாட்டுப் பாடல்களைத் தாண்டிச் செல்வர். சிற்றூர் வாழ்வைச் சுவைப்போரோ, கொலை புகுந்து அச்சுவையைக் கெடுத்தது என்பர்.

இரு சாராரும் கதைத்தலைவனை மறந்தனர். பாட்டுத் தேடித் திருநிலத்துக்கு வந்து, ஜமீன் மாளிகையில் தங்கும் கல்யாணராமன் ஊருக்கு அயலான். பாட்டு அவனுக்கு எளிதிற் கிட்டுகிறது. பாடுவோர் மனம் கிட்டவில்லை. கொலை நிகழ்ந்து, ஐயம் ஊரைச் சூழ்ந்த பின்னரே, பாடல்களிலுள்ள காதலும் ஏக்கமும் அம்மக்களின் வாழ்விலும் உள்ளமை நமக்குப் புலனாகிறது. ஆதலின் மர்மமே பாட்டுக்கு உரையாய் அமைந்தது எனலாம்.

மலையகத்தார்க்கு இது நன்கு விளங்கும். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த தோட்டப் பாடல்களை உடப்புசல்லாவையில் இருந்து கற்கும் மாணவர், சொல்நயத்தோடு அமையாது, பாடியவள் யார், அவளுக்கு நேர்ந்தது யாது எனவும் வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவிப் படிப்பார்க்கு இந்நாவலும் பொழுதுபோக்கின் மேம்பட்டதாகவே தோன்றும்.