உப்பிலியும் வறற்குழலும்: சிறுபாணாற்றுப்படையில் அடுக்களை

நல்லூர் நத்தத்தனார் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளைக் கொண்டது. 1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த நாள் முதல் இந்நூலைப் பயில்வோர் பெரும்பாலும் இரு வழிகளில் சென்றுள்ளனர். ஒரு சாரார் கடையெழு வள்ளல்களின் கொடையை நிரல்படுத்தி, எழுவர் சுமந்த நுகத்தை ஒருவனாகத் தாங்கியவன் நல்லியக்கோடன் என்ற புகழுரையில் நின்றனர். மற்றொரு சாரார் 'சங்ககால உணவு' என்னும் தலைப்பின்கீழ் நெய்தலுக்கு மீன், முல்லைக்கு இறைச்சி, மருதத்திற்கு வெண்சோறு எனப் பட்டியலிட்டனர். இரண்டாம் வழி இன்றைய ஆய்வேடுகளில் மிகுதி. பட்டியலில் உணவு இருக்கும். அதை ஆக்கிய கை இருக்காது. எங்கே உணவின் பெயர் சொல்லப்படுகிறது, எங்கே சொல்லப்படவில்லை என்ற வேறுபாடும் இருக்காது. அந்த வேறுபாட்டிலேயே இந்நூலின் உயிர் இருப்பதாக இக்கட்டுரை கருதுகிறது.

நூலில் முதலில் தோன்றும் அடுக்களை வறியவனுடையது. அண்மையில் ஈன்ற நாய் அங்கே கிடக்கிறது. கண் திறவாத குட்டிகள் பாலற்ற முலையைப் பற்றி இழுக்க, அதைப் பொறாமல் தாய் குரைக்கிறது. கூரையின் கழிகள் சோர்ந்து விழுகின்றன. சுவரைக் கறையான் அரித்துள்ளது. அந்தப் புழுதியில் காளான் முளைத்திருக்கிறது. இவ்வீட்டுக் கிணைமகள் குப்பையில் வளர்ந்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அறிவிலார் கண்டு இகழ்வர் என நாணி வாயிலை அடைத்துவிட்டு, சுற்றத்தார் அனைவரோடும் கூடி உண்கிறாள். 'உப்பிலி' என்ற சொல் இவ்விடத்தில்தான் வருகிறது.

இந்த வறுமையின் அடையாளம் கீரை அன்று என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். புறநானூற்று 215ஆம் பாட்டில் கோப்பெருஞ்சோழன் இதே வேளையின் வெண்பூவைச் சொல்கிறான். வரகுச் சோற்றோடு அப்பூவைத் தயிரில் இட்டு ஆய்மகள் ஆக்கிய புளிப்பான மிதவையை அவரை கொய்வோர் வயிறார உண்கின்றனர். அங்கே வேளை ஒரு சுவை, வேலைக்களத்து மகிழ்ச்சி. எனவே செடியால் வறுமை வரவில்லை. உப்பும் தயிரும் இல்லாமையால் வருகிறது. பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடிய 159ஆம் புறப்பாட்டும் இதற்குச் சான்று. குப்பைக்கீரையின் இளந்தளிரைப் பறித்து, உப்பின்றி, மோரின்றி, சோற்றையே மறந்து உண்ணும் மனைவியை அப்பாட்டு காட்டுகிறது. ஆனால் அவள் அறத்தைப் பழிக்கிறாள். நத்தத்தனாரின் கிணைமகள் எதையும் பழிக்கவில்லை. அவள் செய்வன இரண்டே: வாயிலை அடைக்கிறாள், எல்லாரையும் உடன் அமர்த்துகிறாள். முன்னதில் நாணமும் பின்னதில் இல்லறமும் இருக்கின்றன. உரை எழுதியோரும் திறனாய்வோரும் நாணத்தைப் பேசிய அளவிற்கு, அடைத்த கதவுக்கு உள்ளே நடந்த பந்தியைப் பேசவில்லை. இல்லாமையிலும் தனித்து உண்ணாத வீடு அது.

அடைத்த கதவிலிருந்து திறந்த வெளிக்குப் பாணனை நூல் அழைத்துச் செல்கிறது. வழியில் முதல் ஊர் எயிற்பட்டினம். மதிலின் பெயரைத் தன் பெயரில் கொண்ட இக்கடற்கரை ஊர் இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர் பலரும் ஏற்கும் முடிவு. வேலூர், வானூர் வட்டத்து உப்புவேலூர் என்றும், ஆமூர், திண்டிவனத்தை அடுத்த நல்லாமூர் என்றும் கொள்ளப்படுகின்றன. கிடங்கில் திண்டிவனத்தின் ஒரு பகுதியாக இன்றும் அப்பெயருடன் உள்ளது. இவ்வழியை மயிலை சீனி. வேங்கடசாமி 'சிறுபாணன் சென்ற பெருவழி' என்று தனியே ஆராய்ந்தார். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் ஏறத்தாழ 35 கி.மீ. இந்தச் சிறு நிலப்பரப்பிற்குள் நெய்தல், முல்லை, மருதம் என மூன்று நிலத்து வீடுகளில் பாணன் உண்கிறான்.

இன்று சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை அடைவோர் கண்ணில் முதலில் படுவன உப்பளப் பாத்திகளும் வெண்குவியல்களும். ஆகவே எயிற்பட்டினப் பகுதியைப் படிக்கும்போது அங்கே உப்பும் இருக்கும் என்று மனம் தானாகவே கொண்டுவிடுகிறது. உண்மையில் அப்பகுதியில் உப்பு இல்லை. உப்பு வணிகர் இந்நூலில் வருவது வேறிடத்தில். உமணரின் வண்டி வரிசையோடு வந்த மந்தி, முத்தைச் சிப்பியின் வயிற்றில் இட்டு, உமட்டியரின் பிள்ளைகளோடு கிலுகிலி ஆடும் காட்சி பாண்டியனின் கொற்கையைச் சார்ந்தது. அதைப் பெயர்த்து ஓய்மாநாட்டுக் கரையில் வைப்பது இடப்பிழை. மேடையுரைகளில் இப்பிழையைப் பொறுக்கலாம், ஆய்வேட்டில் பொறுப்பதற்கில்லை. நெல்லுக்கு நேர் விலை உப்பு என்று கூவி விற்கும் பெண்ணைக் காண வேண்டுமாயின் அம்மூவனாரின் அகநானூற்று 140ஆம் பாட்டிற்குச் செல்ல வேண்டும்.

எயிற்பட்டினத்தில் இருப்பது அடுப்பு. அலை கொண்டுவந்து ஒதுக்கிய நறுமண மரங்கள் உறங்கும் ஒட்டகங்கள் போலக் கரையில் கிடக்கின்றன. அவற்றை விறகாக்கி, கரும்புகை எழச் செந்தீ மூட்டி, நுளைமகள் அரித்த பழந்தேறலைப் பரதவர் பாணனுக்கு ஊட்டுகின்றனர். உடன் காய்ந்த குழல்மீனைச் சுட்டுத் தருகின்றனர். பிற இடங்களில் விலை கொடுத்து வாங்கும் வாசமரம் இங்கே அடுப்பெரிக்கும் விறகு. இதைச் செல்வச் செழிப்பின் மிகைக்கூற்று என்று ஒதுக்குவது எளிது. ஆனால் கடலோர வீட்டின் இயல்பு இதுவே: கரையில் ஒதுங்கியது எதுவோ அது அடுப்புக்குப் போகும். புலவர் அந்த இயல்பையே எடுத்து, அதில் மணத்தை ஏற்றியுள்ளார். 'வறற்குழல்' என்பதில் வறல் உலர்ந்தமையை மட்டும் குறிக்கிறது. மீன் உப்பிட்டு உலர்த்தப்பட்டதா என்பது சொல்லில் இல்லை. இன்றைய கருவாட்டை அதன்மேல் ஏற்றிப் பொருள் கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. சொல்லில் இல்லாத உப்பை நாம் போட வேண்டியதில்லை.

வேலூரில் வெயிலால் வெந்த குடிசை. எயிற்றியர் சமைத்த புளிச்சோறு சூடாகக் கிடைக்கிறது. ஆமானின் சுட்ட இறைச்சி உடன் வருகிறது. ஆமூரில் உழவர் வீட்டுப் பெண் வழிமறிக்கிறாள். தன் மக்களைக் கொண்டு தடுத்தாள் எனினும், வந்தவரை மக்களாகக் கருதித் தடுத்தாள் எனினும், அவள் வாயில் அடைக்கப்பட்ட வாயில் அன்று. அவள் இடும் சோற்றின் அரிசிக்குப் புலவர் ஒரு வரலாறு தருகிறார். வயிரம் பாய்ந்த உலக்கையின் இரும்புப் பூண் தேயுமளவு குற்றப்பட்ட அரிசி அது. ஒரு நாள் குற்றலில் பூண் தேயாது. பல ஆண்டுகள், ஒருவேளை அவளுக்கு முன் அவள் மாமியும், குற்றியிருக்க வேண்டும். வெண்சோற்றின் வெண்மை அத்தனை நாள் உழைப்பின் நிறம். அதற்குத் துணை நண்டுக் கலவை. சங்க இலக்கிய உணவுகளுள் இத்துணை நெருக்கமாக வீட்டுப் பொருளின் தேய்மானம் பேசப்படும் இடம் அரிது.

ஒப்பனையையும் இவ்வீடுகளோடு சேர்த்தே காண வேண்டும். உப்பின்றிக் கீரை அவித்தவளின் கையில் வளை இருக்கிறது. வேலூரில் உண்ணும் மகளிர் கையிலும் சில வளைகள். ஆமூர்ப் பெண்ணின் கையில் தொடி; முதுகில் பெண்யானையின் துதிக்கை போல இறங்கும் பின்னல். வளையைப் பெண்ணின் வழக்கமான அடைமொழி என்று கடந்துவிடலாம். ஆயினும் கூரை சரிந்த வீட்டிலும் அதைக் கழற்றாமல் விட்டிருக்கிறார் புலவர். வறுமை அடுக்களையை அழித்தது. அவள் தன்னைப் பேணிக்கொள்ளும் முறையை அழிக்கவில்லை என்று இதைக் கொள்வதற்கு இடமுண்டு. நாணிக் கதவடைத்தவளும் அவளே என்பதால் இவ்விரண்டும் ஒரே தன்மதிப்பின் இரு பக்கங்களாகின்றன.

இனி அரண்மனைக்கு வருவோம். நல்லியக்கோடன் மூங்கிலின் உட்பட்டை உரித்தது போன்ற மெல்லிய ஆடையை உடுத்துகிறான். சினந்த பாம்பு போல் ஏறும் தேறலைத் தருகிறான். பின்னர் உணவு. என்ன உணவு? வீமன் இயற்றிய சமையல் நூலின் நெறி வழுவாத பலவகை அடிசில் என்பதோடு நூல் நின்றுவிடுகிறது. உணவிட்ட பொற்கலம் கோள்மீன்கள் சூழ்ந்த இளஞாயிற்றை இகழும் தோற்றமுடையது என்று கலத்திற்கு உவமை இருக்கிறது. கலத்தில் இருந்தது இன்னது என்பது இல்லை. காய்ந்த மீனும் புளிச்சோறும் நண்டும் பெயரோடு வந்தன. குப்பைக்கீரைகூடப் பெயரோடு வந்தது. அரசனின் சோற்றுக்குத்தான் பெயரில்லை.

இது ஆற்றுப்படையின் மரபு என்று கூறிவிட முடியாது. பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் கரிகாலனின் விருந்தை வகைவகையாகச் சொல்கிறார்: ஆட்டிறைச்சியின் வேவை, கம்பியில் சுட்ட கொழுங்கறி, பண்ணியம், முல்லை முகை போன்ற சோறு. இரவும் பகலும் இறைச்சி தின்று, கொல்லை உழுத கொழுவைப்போலப் பற்கள் மழுங்கியதாகப் பொருநன் சொல்கிறான். அரண்மனை உணவைப் பெயர் சொல்லிப் பாட மரபு தடை செய்யவில்லை. நத்தத்தனார் அதைத் தேர்ந்துகொள்ளவில்லை. அவருடைய நல்லியக்கோடனின் சிறப்பு உணவில் அன்று, தானே நின்று ஊட்டும் விருப்பத்தில் இருக்கிறது. அந்த ஓர் இடத்தில் மட்டும் அரசன் ஆமூர்ப் பெண்ணின் அருகில் வருகிறான். சுவை என்பதை நூல் குடிமக்களின் வீட்டில் வைத்தது. அரண்மனைக்கு நூலறிவையும் பொன்னையும் கொடுத்தது. வள்ளலைப் பாட எழுந்த ஒரு நூலுக்கு இது துணிந்த பங்கீடு. புகழ்ச்சியைக் குறைக்காமலே செய்யப்பட்டதால் உரைமரபின் கண்ணில் அது படவில்லை போலும்.

இந்த வாசிப்புக்கு எதிராக நிற்கும் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பசி நீங்கியதாகவும், யானையும் தேரும் பெற்று வருவதாகவும் முன்னர்ப் பரிசில் பெற்ற பாணன் எதிர்ப்பட்டவனிடம் கூறுகிறான். கிணைமகளின் அடுக்களையைப் பற்றி அதன்பின் பேச்சில்லை. எயிற்பட்டினத்து அடுப்பையும் ஆமூர் உலக்கையையும் அவ்வளவு நுணுகிக் கண்ட புலவர், தொடங்கிய வீட்டிற்கு மட்டும் திரும்பவில்லை. தேர் வாயிலில் வந்து நின்றதை நாம் கற்பித்துக்கொள்ளலாம். அந்தச் சுவர் பூசப்பட்டதையும், அடுத்த நாள் கீரையில் உப்பு விழுந்ததையும் கற்பித்துக்கொள்ள நூல் ஓர் அடியும் தரவில்லை.