பெயர்ந்த குழுவும் பெயரும்

'பெயர்' என்னும் சொல் தமிழில் இருவகையாக நின்று பொருள் தரும். பெயர்ச்சொல்லாக நின்று ஒன்றை மற்றொன்றினின்று பிரித்தறியும் குறியை உணர்த்தும். வினைப்பகுதியாக நின்று ஓரிடத்தை விட்டு நீங்குதலை உணர்த்தும். இவ்விரு பொருளும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. ஓர் ஊரில் தோன்றி, அவ்வூரின் பெயரையும் அதனோடு இணைந்த சிறப்புப் பெயரையும் தாங்கி ஆடிய விளையாட்டுக் குழு வேற்றூருக்குப் பெயர்ந்து செல்லுமாயின், அதன் பெயர் என்னாகும் என்பதே அது. அமெரிக்க நாட்டு மகளிர் கூடைப்பந்தின் வரலாறு இவ்வினாவுக்குப் பல விடைகளைத் தருகிறது. அவற்றுள் டல்லாஸ் நகரத்துக் குழு 2015ஆம் ஆண்டில் ஏற்ற 'விங்ஸ்', அதாவது 'சிறகுகள்' என்னும் பெயரும், அதனோடு வந்த சிறகுடைக் குதிரைச் சின்னமும் தனித்து ஆராயத் தக்கவை.

பந்தாட்டக் குழுவின் பெயரை மொழி பயில்வோர் ஆராய்வது எற்றுக்கு எனச் சிலர் வினவக்கூடும். பெயர் சூட்டுதலும் ஒரு சொல்லாக்கமே. நூறாயிரம் மக்கள் ஒருவாய்ப்பட்டு முழங்க வேண்டிய சொல்லைத் தேர்ந்தெடுப்பது எளிய செயலன்று. ஒரு சொல் எப்போது உயிர் பெறுகிறது, எப்போது கூடாகிறது என்பதை அறிய இத்தகைய பெயர்கள் நல்ல சான்றுகளாகும்.

இடுகுறியும் காரணமும்

நன்னூல் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்துரைக்கிறது. காரணம் கருதாது முன்னோர் இட்டு வழங்கியது இடுகுறி. காரணம் பற்றி எழுந்தது காரணப்பெயர். விளையாட்டுக் குழுக்களின் பெயர்கள் பெரும்பாலும் காரணப்பெயர்களே. அக்காரணமோ பெரும்பாலும் ஊரைச் சார்ந்தது. குழு இடம் பெயரும்போது பெயர் உடன் செல்லலாம். காரணம் உடன் செல்லும் என்பதற்கு உறுதியில்லை.

ஆடவர் குழுக்களில் இதற்கு இருவகைச் சான்றுகள் உண்டு. இந்தியானா மாநிலத்தின் போர்ட் வெய்ன் நகரில் பிரெட் சோல்னர் என்பார் பிஸ்டன் செய்யும் ஆலையை நடத்தி வந்தார். அவர் வளர்த்த குழு 'பிஸ்டன்ஸ்' எனப்பட்டது. 1957ஆம் ஆண்டில் அக்குழு மோட்டார்த் தொழிலின் தலைநகராகிய டெட்ராய்ட்டுக்குப் பெயர்ந்தது. ஓர் ஆலையைக் குறித்த பெயர் அங்கே ஒரு நகரத்தின் தொழிலையே குறிப்பதாயிற்று. பெயர்ந்ததனால் பெயர் காரணம் மிகப் பெற்றது என்க.

இதற்கு மாறான கதியும் உண்டு. ஏரிகள் நிறைந்த மினசோட்டா மாநிலத்தில் 'லேக்கர்ஸ்' எனப் பெயர் பெற்ற குழு, 1960இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குச் சென்றபோது ஏரிகள் உடன் வரவில்லை. நியூ ஓர்லியன்ஸ் நகரின் இசையால் பெயர் பெற்ற 'ஜாஸ்' குழு, 1979இல் யூட்டா மாநிலத்திற்குச் சென்றது. அவ்விசை பிறந்த தெருக்கள் பின்தங்கின. எனினும் வெற்றிகளும் நெடுங்காலமும் சேர்ந்து இப்பெயர்களை வழக்கில் நிலைபெறச் செய்தன. காரணப்பெயர்களாகப் பிறந்தவை இடுகுறிகளாய் வாழ்கின்றன.

மகளிர் குழுக்களுக்கோ இந்நெடுங்காலம் வாய்ப்பது அரிதாயிற்று. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

நிழற்பெயர்கள்

டபிள்யூ.என்.பி.ஏ. எனப்படும் மகளிர் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 1997ஆம் ஆண்டில் எட்டுக் குழுக்களுடன் ஆட்டம் தொடங்கியது. தொடக்கக் காலப் பெயர்கள் பலவற்றில் ஆடவர் குழுவின் நிழல் படிந்திருந்தது. சாக்ரமெண்டோவில் ஆடவர் 'கிங்ஸ்', மகளிர் 'மொனார்க்ஸ்'. ஹியூஸ்டனில் ஆடவர் 'ராக்கெட்ஸ்', மகளிர் 'காமெட்ஸ்'. ஒர்லாண்டோவில் ஆடவர் 'மேஜிக்'. 1999இல் தோன்றிய மகளிர் குழு 'மிராக்கிள்'. அரசர்க்கு முடிமன்னர், விண்கலத்துக்கு வால்மீன், மாயத்துக்கு அற்புதம் என ஒரு பொருட்சொற்களை அடுக்குவது போல இப்பெயர்கள் அமைந்தன. யூட்டாவில் இது எழுத்தளவிலும் சென்றது. 'ஜாஸ்' என்பதன் ஈற்றில் இரட்டித்து நிற்கும் ஆங்கில எழுத்தை அப்படியே எடுத்து, விண்மீன்களைக் குறிக்கும் 'ஸ்டார்ஸ்' என்னும் சொல்லின் ஈற்றில் பொருத்தினர்.

அக்குழுவின் பயணம் கருதத் தக்கது. 2003இல் அது டெக்சஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோவுக்குப் பெயர்ந்தது. டெக்சஸ் தன் கொடியில் ஒற்றை விண்மீனைக் கொண்ட மாநிலம். ஆகவே, எழுத்து விளையாட்டாகப் பிறந்த விண்மீனுக்கு அங்கே மண்ணின் காரணம் வாய்த்தது. ஆயினும் அவ்வூர் ஆடவர் குழுவின் வெள்ளி நிறம் 'சில்வர்' என்னும் அடைமொழியாக முன்வந்து நின்றது. 2014ஆம் ஆண்டில்தான் அவ்வடைமொழி நீங்கியது. மூன்றே ஆண்டுகளில் குழு விற்கப்பட்டு, 2018இல் லாஸ் வேகாஸ் நகரில் சீட்டாட்டத்தின் தலைச்சீட்டைக் குறிக்கும் 'ஏசஸ்' என்னும் பெயருடன் ஆடத் தொடங்கியது. நிழலினின்று நீங்கித் தன்பெயர் பெற்ற பொழுதில் விண்மீன் மறைந்தது.

டெட்ராய்ட் மகளிர் குழுவின் வரலாறு இதனினும் துயரமானது. 1998இல் 'ஷாக்' என்னும் பெயருடன் தோன்றிய அக்குழு 2003, 2006, 2008 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடியது. அதிர்ச்சி என்னும் பொருள்படும் அப்பெயர் எதிர்க்குழுவினர்க்கு உண்மையிலேயே அதிர்ச்சியாய் இருந்த காலம் அது. 2009இல் அக்குழு ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகருக்குப் பெயர்ந்தது. பெயரும் மாறாது உடன் சென்றது. 2010இல் ஆடிய 34 ஆட்டங்களில் 6 வெற்றிகளே கிட்டின, 2011இல் மூன்றே. பழம்பெயர் பழம்புகழைக் கொண்டு வரவில்லை. டல்சா ஒரு காலத்தில் உலகின் எண்ணெய்த் தலைநகர் எனச் சிறப்பிக்கப்பட்ட ஊர். தனக்கென ஒரு வரலாறு உடைய அவ்வூரினின்று ஒரு சொல்லேனும் எடுக்கப்படாமை பெருங்குறையே. இரவற்பெயருடன் வந்த குழுவை ஓர் ஊர் தன் மகளாக ஏற்பது எளிதன்று.

சிறகுடைக் குதிரை

2015ஆம் ஆண்டு ஜூலையில் அக்குழு டெக்சஸுக்குப் பெயர ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் புதுப்பெயரும் சின்னமும் அறிவிக்கப்பட்டன. இம்முறை பெயர் ஊரினின்று எடுக்கப்பட்டது.

டல்லாஸ் நகரின் நடுவே 1922இல் எழுந்த 29 மாடி மக்னோலியா கட்டடத்தின் உச்சியில், 1934ஆம் ஆண்டில் செந்நிற நியோன் விளக்குகளால் ஆன சிறகுடைக் குதிரை ஒன்று நிறுவப்பட்டது. அது பெகாசஸ் என்னும் கிரேக்கப் புராணக் குதிரை. மக்னோலியா எண்ணெய் நிறுவனத்தின் வணிகக்குறி. வணிகர் தம் சரக்கை விளம்பரப்படுத்த ஏற்றிய விளக்கை நகர மக்கள் தம் ஊரின் அடையாளமாகக் கொண்டனர். 1999ஆம் ஆண்டு முடிந்து 2000 பிறந்த நள்ளிரவில், புதுப்பிக்கப்பட்ட குதிரைக்கு மீண்டும் ஒளியேற்றி விழாக் கொண்டாடினர். எண்பது ஆண்டுப் பார்வையால் ஒரு கடைக்குறி நகரத்தின் சொத்தாயிற்று. எண்ணெய் நகரமாகிய டல்சாவில் தனக்கென ஒரு பெயர் பெறாத குழு, டல்லாஸ் வந்தபின் எண்ணெய் வணிகத்தின் குதிரையையே சின்னமாகப் பெற்றமை வியப்புக்குரியது.

இனிப் பெயரின் நயம் நோக்குவாம். குழுவின் பெயர் குதிரையைச் சொல்லவில்லை. சிறகை மட்டுமே சொல்கிறது. சினைப்பெயர் முதலுக்கு ஆகி வந்தமையின் இது சினையாகுபெயர். சிறகு குதிரையைக் காட்ட, குதிரை குழுவைக் காட்டுதலின், இருமடியாகுபெயர் எனக் கொள்ளினும் பொருந்தும். சொல் சொல்லாது விட்டதைச் சின்னம் சொல்கிறது. சின்னத்தில் எப்பகுதி உயிர்நிலை என்பதைச் சொல் சுட்டுகிறது. பெயரும் படமும் ஒன்றையே இருமுறை கூறின் கூறியது கூறல் என்னும் குற்றம் நேரும். இங்கே இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. பந்தைக் கூடையிலிட உயர எழும்பும் ஆட்டத்திற்குச் சிறகு இயல்பாகவே பொருந்துகிறது.

நிறத்தேர்விலும் ஒரு தெளிவு உண்டு. எண்ணெய் நிறுவனத்தின் செந்நிறத்தை விடுத்து அடர்நீலமும் ஒளிர்பச்சையும் கொள்ளப்பட்டன. உருவத்தை ஊரிடம் பெற்றுக்கொண்டு நிறத்தைத் தமதாக்கிக் கொண்டமையால் சின்னம் படியெடுப்பு ஆகாது தப்பியது.

கிரேக்கப் புராணம் மேலும் ஒரு பொருளைத் தருகிறது. பெகாசஸ் மெடூசா என்னும் பெண்ணின் குருதியினின்று பிறந்தது. அதன் குளம்படி பட்ட இடத்தில் கலைத்தெய்வங்களாகிய மகளிர் ஒன்பதின்மர்க்குரிய ஊற்று தோன்றியது என்பர். பெயரிட்டோர் இதனைக் கருதினரோ இல்லையோ, மகளிர் குழுவின் சின்னத்தில் இக்குறிப்பு அமைந்து கிடக்கிறது. நல்ல குறியீடு அதனை ஆக்கியோர் எண்ணியதற்கு மேலும் பொருள் தரவல்லது.

தடைகளும் விடைகளும்

டல்லாஸ் ஆடவர் குழுவாகிய 'மேவரிக்ஸ்' 2001 முதல் குதிரைத் தலையைச் சின்னமாகக் கொண்டிருக்க, மகளிர் குழுவும் குதிரையைக் கொண்டது மீண்டும் நிழலாகாதோ எனின், ஆகாது. 'மேவரிக்' என்பது சூடு போடப்படாத கன்றைக் குறிக்கும் டெக்சஸ் வழக்கு. தம் மாடுகளுக்குச் சூட்டுக்குறி இடாத சாமுவேல் மேவரிக் என்பாரின் பெயரால் வந்தது. கன்றைக் குறித்த சொல்லுக்குக் குதிரையின் உருவம் வெறும் அணியே. மகளிர் குழுவிலோ பெயரும் உருவமும் ஒரே வேரினின்று கிளைத்தவை. பொருத்தத்தில் மகளிர் பெயரே விஞ்சி நிற்கிறது.

மற்றொரு தடை வலுவுடையது. 2016இல் அக்குழு ஆடத் தொடங்கிய அரங்கு டல்லாஸில் இல்லை. டல்லாஸுக்கும் போர்ட் வொர்த்துக்கும் இடைப்பட்ட ஆர்லிங்டன் நகரில் இருந்தது. மக்னோலியா கட்டடத்துக் குதிரையைப் பெயராகக் கொண்ட குழு அக்குதிரையைக் காணாத ஊரில் ஆடியது முரணே. ஊர்ப்பெயரைப் பெருநிலப்பகுதிக்கு ஆக்கிக் கூறும் அமெரிக்க வழக்கு இதற்கு ஓரளவே அமைதி கூறும்.

இழந்தது எது?

பெயரின் வெற்றியைக் கூறும் திறனாய்வு அதன் விலையையும் கூறுதல் வேண்டும். 2015ஆம் ஆண்டில், பெயர்ச்சி உறுதியான பின்னும் டல்சா வீராங்கனைகள் தளராது ஆடி, 18 வெற்றிகளும் 16 தோல்விகளும் பெற்று, அவ்வூர் வந்தபின் முதன்முறையாக இறுதிக்கட்டச் சுற்றுக்குத் தகுதி பெற்றனர். ஊர் தன் குழுவைக் கொண்டாடத் தொடங்கிய ஆண்டிலேயே அதனை இழந்தது. பதிவேட்டில் டெட்ராய்ட், டல்சா, டல்லாஸ் மூன்றும் ஒரே குழுவின் வரலாறாகத் தொடர்கின்றன. ஆனால், டெட்ராய்ட்டின் மூன்று வாகைகளை ஆர்லிங்டனில் நினைவுகூர்வார் யார்? டல்சாவின் ஆறாண்டுப் பொறுமைக்கு எந்தச் சின்னத்தில் இடமுண்டு? வேரூன்றுதற்கு வேண்டிய காலம் மறுக்கப்படும் இடத்தில் மகளிர் விளையாட்டு ஒவ்வொரு முறையும் புதிதாய்ப் பிறக்க வேண்டியதாகிறது. மிக அழகிய சின்னமும் இக்குறையை மறைக்கலாமே அன்றித் தீர்க்காது.

எனினும், பெயர்களை ஊர்கள் எளிதில் மறப்பதில்லை. போர்ட்லாந்து நகரில் 2000 முதல் 2002 வரை மூன்றே பருவங்கள் ஆடிக் கலைந்த குழு 'பயர்', அதாவது 'தீ' எனப்பட்டது. அந்நகருக்கு மீண்டும் குழு வாய்த்தபோது, 2025ஆம் ஆண்டில் அதே பெயர் அறிவிக்கப்பட்டது. 2029இல் டெட்ராய்ட்டிலும் புதிய மகளிர் குழு களமிறங்கும் என 2025இல் அறிவித்துள்ளனர். குழுக்கள் பெயர்ந்து போனாலும் பெயர்கள் ஊரில் தங்கிக் காத்திருக்கக் கூடும் என்பதற்குப் போர்ட்லாந்து சான்று.

ஆகவே, பெயர்ந்து வரும் குழுவுக்குப் பெயரிடுவோர் முதலில் வந்த ஊரைப் பயிலுதல் வேண்டும். விட்டு வந்த ஊரையும் மறவாதிருத்தல் வேண்டும். 'விங்ஸ்' என்னும் பெயர் முதற்கடமையைச் செவ்வனே ஆற்றியது. இரண்டாவதை ஆற்றவில்லை. அது பெயரிட்டோர்க்கு மட்டும் உரிய குறையன்று. ஆறாண்டுக்குள் ஒரு குழுவை வேரோடு பெயர்த்தெடுக்க இடந்தரும் வணிக ஒழுங்கின் குறையுமாகும்.